நான்கு கம்பிகளின் உயரம்

“லாத்தா… மிசின் நின்னு…”

அவ்வளவுதான். அதற்குமேல் கடலுக்குப் போன தம்பி பைரோஸின் குரலை இரைச்சல் விழுங்கிவிட்டது. ரூமானா ரேடியோப் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டாள். காலை பத்து மணிக்கே உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது.

ஜெகதாப்பட்டினத்து ரேடியோக் கோபுரத்தடியில், அந்த ஒற்றை அறைக்குள் இரண்டு ரேடியோப் பெட்டிகள் குடியிருந்தன. ஒன்று மீனவர்களுடையது, கடலிலிருந்து வரும் மெலிந்த குரலை வாங்கி உரக்கத் திருப்பிச் சொல்லும். மற்றது ஆம்புலன்ஸ்காரர்களுடையது. அது வாயைத் திறந்தால் இதற்குக் காது அடைத்துப்போகும். அப்படி அடைக்காமலிருக்கத்தான் நடுவில் நான்கு தகர உருளைகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கம்பி. கம்பியை மயிரிழை ஏற்றினாலும் இறக்கினாலும் உருளை தடுக்கும் குரல் மாறிவிடும். போன மாதம்தான் திருச்சியிலிருந்து கருவி வரவழைத்து, மூன்று நாள் உட்கார்ந்து பெட்டிகளைப் பராமரிக்கும் ரூமானா கம்பிகளைச் சரிசெய்து, நிற்க வேண்டிய உயரத்துக்குக் கோடு போட்டு வைத்திருந்தாள்.

இப்போது திரும்பிப் பார்த்தாள். நான்கு கம்பிகளும் ஒரே உயரத்தில், எண்ணெய் மினுங்க நின்றன. கோடுகளைக் காணோம்.

“வெள்ளச்சாமிண்ணே, இத யாரு தொட்டது?”

காவலாளி வெள்ளைச்சாமி பெருமையாகவே சொன்னார். “நாந்தாம்மா. உப்புக்காத்துல துருப்புடிக்குதேன்னு தேங்காண்ணெ போட்டுத் தொடச்சேன். ஒண்ணு ஏத்தமா ஒண்ணு எறக்கமா நின்னுச்சு. சமமா அமுக்கி வச்சேன். இப்பத்தானே லெச்சணமா இருக்கு?”

திட்ட நேரமில்லை. மிசின் நின்ற போட்டை நீரோட்டம் கிழக்கே இழுக்கும். மதியத்துக்குள் இலங்கை எல்லை தாண்டிவிடும். தாண்டிப் பிடிபட்ட பக்கத்து வீட்டு ஆள் ஏழு மாதமாகியும் வரவில்லை. துறையில் ஷேக் பரீது மாமு தன் போட்டின் மிசினை ஓடவிட்டுக் காத்திருக்கிறார். தம்பியின் போட் எங்கே என்று மட்டும் தெரிய வேண்டும்.

“அந்த ஆம்புலன்ஸ் புள்ளையக் கொஞ்சம் வாய மூடச் சொல்லும்மா” என்றார் வெள்ளைச்சாமி, முகம் செத்துப்போய்.

ரூமானா ஆம்புலன்ஸ் ரேடியோவில் பேசும் சரண்யாவுக்குப் போன் போட்டாள்.

“மணமேல்குடி ரோட்டுல வேன் கவுந்து கெடக்குக்கா. நான் எப்புடி நிப்பாட்டுவேன்?”

“நிப்பாட்டாத. பேசிக்கிட்டே இரு. பேச்சில்லாட்டி ஒண்ணு, ரெண்டு எண்ணு. ஒஞ் சத்தம் கேட்டாத்தான் அத எங்க அமுக்கணும்னு எனக்குத் தெரியும்.”

“கத்தாதேன்னு சண்டைக்கு வர்ற ஆளு நீங்க” என்றவள் எண்ணத் தொடங்கினாள்.

முதல் கம்பி. இரண்டாவது. இரைச்சல் கொஞ்சம் தணிந்தது. ரூமானாவுக்குப் பயம் அதில்தான் கூடியது. கை ஒரு மயிரிழை தவறினால் தம்பியின் குரலும் சேர்ந்து அடைபட்டுப்போகும். அப்புறம் அவன் பேசவில்லையா, தானே அடைத்துவிட்டோமா என்று எப்படித் தெரியும்? மூன்றாவதைத் தொட்டபோது, கிணற்றடியிலிருந்து வருவதுபோல் அவன் குரல் மேலே வந்தது. போட் நிற்கும் இடத்தின் எண்களைச் சொன்னான். அவள் திருப்பிச் சொல்ல, வெள்ளைச்சாமி போனில் மாமுவிடம் கத்தினார். மாமு கிளம்பிவிட்டார்.

“லாத்தா, கெழக்க ஒரு கப்பலு… எங்களப் பாத்துத்தான்…”

குரல் நின்றது.

இரைச்சலில்லை. பக்கத்துப் பெட்டியில் சரண்யா எண்ணிக்கொண்டுதான் இருந்தாள், எழுபத்தொண்ணு, எழுபத்திரெண்டு. அதன் சாயல்கூட இந்தப் பெட்டியில் விழவில்லை. துடைத்துவிட்டாற்போல் அமைதி.

“பைரோசு? தம்பி?”

நான்காவது கம்பியில் அவளுடைய இரண்டு விரல்கள் இருந்தன. ஏற்றவும் துணியவில்லை, இறக்கவும் துணியவில்லை. எண்ணெயில் பிடி மெல்ல வழுக்கியது. பின்னால், எண்ணெய் துடைத்த துணியை முதுகுக்குப்பின் மறைத்துக்கொண்டு, வெள்ளைச்சாமி நின்றார்.