கண்ணாடியைக் கழற்றச் சொல்பவள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் அவ்வளவு யோக்கியமானது அல்ல. மூக்குக்கண்ணாடிக் கடையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண். அளவு பார்க்கக் கடைக்காரர் அவள் முகத்திலிருந்து கண்ணாடியை எடுக்கக் கை நீட்டினார். அவள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

"நானே கழட்டுறேன். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?"

கடைக்காரர் திரும்பிக்கொண்டார். நான் திரும்பவில்லை. எழுதுகிறவர்களுக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. அவள் சுவரைப் பார்த்து நின்று, உச்சந்தலையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினாள். தலைமுடி மொத்தமும் ஒரு விரற்கடை முன்னால் வந்து, பிறகு தன் இடத்துக்குப் போனது. நான் பார்த்தது அவ்வளவுதான். மீதி என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "அவள் தலையில் ஒரு முடி இல்லை என்பது ஊரில் யாருக்கும்…" வேண்டாம். ஒரு வருடமாக அவள் கட்டிக்காத்ததை நான் முதல் வரியிலேயே போட்டு உடைக்கிறேன்.

அடுத்தது: "கருகருவென்ற கூந்தலை அள்ளி முடிந்தபடி…" இது எண்ணெய் விளம்பரம்.

இன்னொன்று: அவள் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் 'ஸ்டுடியோ அக்கா'. பாஸ்போர்ட் சைஸ் படம்தான் பிழைப்பு. நாள் முழுக்க அவள் வாயில் இரண்டே வாக்கியங்கள்: "கண்ணாடியைக் கழட்டிடுங்க. முடியைக் காதுக்குப் பின்னால ஒதுக்கிக்குங்க." இந்த இரண்டில் ஒன்றைக்கூட அவளால் செய்ய முடியாது.

இது தேறும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

புழுவெட்டு என்றுதான் முதலில் நினைத்தாள். பின்தலையில் காசு அளவுக்கு இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலை முழுவதையும் துடைத்துவிட்டது. விக் வாங்கப் போனாள். விக் கடைப் பெண் தங்கமானவள்.

"முதல்ல விக்கை வச்சுக்கணும்க்கா. அப்புறமா கண்ணாடிக் கம்பியை விக்குக்கு வெளியே, முடிக்கு நடுவுல நேரா விட்டு, காதுல உட்கார வைக்கணும். முன்முடி ஃப்ரேம்ல இடிக்காம லேசா ஒதுக்கிட்டா ஸ்டைலா இருக்கும். எவரும் கண்டுபிடிக்க முடியாது."

கடையில் எல்லாம் சரியாக இருந்தது. வீட்டில்தான் வில்லங்கம். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குத் தன் முகமே ஒரு மங்கலான பூசணிக்காய். விக்கின் வகிடு நெற்றிக்கு நேராக இருக்கிறதா, காதுக்கு நேராக இருக்கிறதா என்று சொல்ல முடியாது. கண்ணாடி போட்டால்தான் விக் தெரியும். விக் வைத்த பிறகுதான் கண்ணாடி போட வேண்டும். யாரையாவது கூப்பிட்டு, "நேரா இருக்கா பாரு" என்று கேட்கலாம். கேட்க வெட்கம். ஆகவே எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதன் மேல் விக்கை இறக்கினாள்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கம்பிகள் உள்ளே அகப்பட்டுக்கொண்டன. சாயங்காலத்துக்குள் காதுக்குப் பின்னால் தோல் கன்றிப்போகும். கண்ணாடியைக் கழற்றினால் விக்கும் கூடவே வரும்.

(கணவரைக் காணோமே என்று கேட்பீர்கள். அவருக்கு விஷயம் தெரியும். வீட்டில் வைத்திருந்தால் ஒரே நாளில் உளறிவிடுவார் என்பதால் வெளியூரில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.)

4

தெரியக் கூடாத ஆள் மகள். விடுதியில் தங்கிப் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அம்மா, "எனக்குக் குறட்டை வருது, உன் தூக்கம் கெடும்" என்று கதவைச் சாத்திக்கொண்டு படுப்பாள்.

இங்கே எனக்கே இவள் மேல் சந்தேகம் வருகிறது. பெற்ற பெண்ணிடம் இப்படி மறைக்க முடியுமா? ஏன் மறைக்க வேண்டும்? யோசித்துப் பார்த்ததில் ஒரு காரணம் அகப்பட்டது. விடுதித் தோழிகளிடம் மகள் அம்மாவின் படத்தைக் காட்டி, "எங்கம்மா முடியைப் பாருங்கடி" என்று பீற்றிக்கொள்வாள். அந்தப் பெருமையை எடுத்துக் குப்பையில் போட அம்மாவுக்கு மனசு வரவில்லை. போதாதென்றால் சொல்லுங்கள், என்னிடம் வேறு இல்லை.

5

ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க மகளுக்குப் படம் தேவைப்பட்டது. ஸ்டுடியோவில் ஸ்டூல் மேல் உட்கார்ந்தாள்.

"முடியைக் காதுக்குப் பின்னால ஒதுக்கு."

"இப்படியே எடும்மா."

"காது தெரியலைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும். எடு."

அம்மாவுக்குத் தொழில் புத்தி. பேச்சோடு பேச்சாகக் கை தானே போய் ஒதுக்கிவிட்டது. விரலில் முடி தட்டுப்படவில்லை. காதுக்கு மேலே வழவழவென்று ஒரு வட்டம்.

மகள் கையைத் தட்டிவிட்டு, முடியை இழுத்து மூடிக்கொண்டாள்.

"எப்போலேர்ந்து?"

"போன பரீட்சை சமயத்துல."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"உன்கிட்ட எப்படிம்மா சொல்றது? இந்த வயசுலயும் உனக்கு இவ்ளோ முடி இருக்கு. எனக்கு வெக்கமா இருந்துச்சு."

ஸ்டுடியோ அக்காவுக்கு முகம் பற்றி எரிந்தது. தலை முழுக்கப் போனபோதுகூட அவள் இவ்வளவு கூனிக்குறுகியதில்லை. தன் தலையை மட்டும்தான் மறைக்கிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

6

இங்கே மூன்று வழிகள் பிரிகின்றன.

அந்தக் கணத்தில் விக் நழுவிக் கீழே விழலாம். நீங்கள் சிரிப்பீர்கள். அவள் மானத்தை விற்று நான் கைதட்டல் வாங்க வேண்டுமா? அந்த வரியை அடித்துவிட்டேன்.

அல்லது அவள், "சரி விடு, கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடறேன்" என்பாள். அதில் அவள் கெட்டிக்காரி. அந்த வட்டத்தில் முடியை நிரப்பிப் படத்தை நீட்டுவாள். "தெரியவே இல்லம்மா" என்று மகள் நன்றியோடு சொல்வாள். இதுதான் நடந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. எழுதியும் பார்த்தேன்: "படத்தை உறைக்குள் போடும்போது அவள் மகளின் முகத்தை…" அதற்கு மேல் கை ஓடவில்லை.

7

மூன்றாவது இது. "எந்திரி. நான் உட்காரறேன்" என்றாள் அம்மா.

மகள் புரியாமல் எழுந்து கேமரா பக்கம் போய் நின்றாள்.

"இப்ப சொல்லு."

"என்ன சொல்ல?"

"வர்றவங்ககிட்ட நான் முதல்ல என்ன சொல்லுவேன்? அதைச் சொல்லு."

மகள் தயங்கினாள். "கண்ணாடியைக் கழட்டிடுங்க."

அம்மா கண்ணாடியின் இரண்டு கம்பிகளையும் பிடித்து இழுத்தாள். விக்கும் கூடவே வந்தது. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். தலையில் மின்விசிறிக் காற்று பட்டது. வெட்கம் போகவில்லை, அப்படியே இருந்தது. நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சமும் அதன் பக்கத்தில் ஒரு மங்கலான உருவமும்தான் தெரிந்தன. அந்த முகத்தில் இருப்பது அழுகையா, கோபமா, அருவருப்பா என்று தெரியவில்லை.

மகளை அம்மாவின் கண் வழியாகத்தான் நான் பார்த்து வருகிறேன். அவள் கண்ணாடி மடியில் கிடக்கிறது. அதனால் எனக்கும் தெரியவில்லை. அந்தக் கடையில் திரும்பிக்கொள்ளாமல் பார்த்ததற்கு எனக்கு இது வேண்டும்தான். உருவம் அசைகிறது. கிட்டே வருகிறதா, கதவுப் பக்கம் போகிறதா?

கண்ணாடியைக் கழற்றாத உங்களுக்குத்தான் தெரியும். மகளின் முகத்தைப் பார்த்து அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அவளாகக் கேட்க மாட்டாள்.