நொறுங்கிய கற்கள்

1967, மாசி மாதம். எண்ணெய் தேடிக் காரைக்குடிப் பக்கம் துளை போட்டுக்கொண்டிருந்த கம்பெனி, ஒரு பழைய அரிசி ஆலைக் கிட்டங்கியை ஆய்வுக்கூடமாக்கியிருந்தது. அங்கே கற்களை வகை பிரிக்கும் வேலை உமையாளுக்கு. கீழச்சிவல்பட்டியில் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பெண்; சென்னையில் நிலவியல் படித்தவள்.

கிணற்றின் ஆழத்திலிருந்து வந்த கல்லில் சிறுதுண்டு வெட்டி, அதற்குள் காற்றைச் செலுத்தி, எவ்வளவு தாராளமாக வழிவிடுகிறது என்று அளப்பாள். பெருமணல் கல், பொடிமணல் கல், களி கலந்தது, சுண்ணாம்பு இறுகியது என்று நான்கு வகை. அளவுகளை வரைபடத்தாளில் புள்ளியாகக் குறித்து, வகைக்கு ஒரு கோடு இழுப்பாள். கல் கிடைக்காத ஆழங்களுக்கும் அந்தக் கோட்டை வைத்துத்தான் மதிப்புச் சொல்ல வேண்டும்.

நாற்பத்தெட்டுத் துண்டுகள் அளந்தாயிற்று. பெருமணல் கல்லில் இரண்டே இரண்டுதான் இருந்தன. கிணற்றில் இறக்கிய கருவியோ, அந்த வகை முப்பது அடிக்கு இருப்பதாகக் காட்டியது.

கல் வெட்டும் காளிதாஸைக் கூப்பிட்டாள். பொற்கொல்லர் வீட்டு ஆள், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்.

"காளிதாஸ்ணே, பெருமணல் கல்லுப் பெட்டியில எத்தனை வெட்டினீக?"

"பன்னெண்டு. ரெண்டுதான் தேறுச்சு."

"மிச்சம்?"

"உதுந்துபோச்சு. சைக்கிள் நிறுத்துற எடம் சேறா கெடந்துச்சு, அங்குட்டுக் கொட்டிட்டேன்."

"கொட்டிட்டீகளா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உடைஞ்சதைக் கொண்டாராதீகன்னு போன மாசம் நீங்கதானம்மா சத்தம் போட்டீக."

சொன்னது உண்மைதான். அதனால் எரிச்சல் இன்னும் ஏறியது. நன்றாக வழிவிடும் கல்தான் கையில் நொறுங்கும். கெட்டிக் கல்லை மட்டும் அளந்துவிட்டு, கிணறே அடைப்பு என்று எழுத இருந்தாள்.

மேலதிகாரி சிவசங்கரனிடம் போனாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அறிக்கை நேத்தே போயிருக்கணும். இருக்கிற புள்ளியெல்லாம் சேத்து ஒரே கோடாப் போட்டு அனுப்பும்மா."

"நாலு வகைக் கல்லுக்கு ஒரே கோடு எப்படி சார்? பெருமணல் கல்லை மறுபடி வெட்டி அளக்க நாள் குடுங்க."

"மூணு நாள் தாரேன். அதுக்கு மேல கேக்காதே."

நல்லவேளை, அந்த ஆழத்துக் கல்லில் பாதி பெட்டியிலேயே இருந்தது. காளிதாஸ் தண்ணீர் விடாமல் கையாலேயே அறுத்துப் பார்த்தார். முதல் மூன்றும் மணலாக உதிர்ந்தன. ரம்பத்தை வீசிவிட்டு வெளியே போனவர், டீக்கடையிலிருந்து தேயிலைப் பெட்டியின் ஈயத்தகடோடு திரும்பினார். அடுத்த துண்டை அறுத்த கையோடு தகட்டில் சுற்றி, இரண்டு முனையிலும் மெல்லிய கம்பிவலை வைத்து இறுக்கினார். துண்டு நின்றது.

பதினைந்தில் ஒன்பது தேறின. பொடிமணல் கல்லைவிட நூறு மடங்கு காற்று போனது. உமையாள் நான்கு வகைக்கும் தனித்தனிக் கோடு போட்டாள். முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார் சிவசங்கரன்.

வைகாசியில் அந்த ஆழத்தைத் திறந்து சோதித்தார்கள். செய்தியைக் கேட்டுவிட்டு உமையாள் கிட்டங்கிக்கு வந்தாள்.

"எண்ணெய் வந்துச்சாம்மா?" என்றார் காளிதாஸ்.

"நான் எழுதின அளவுக்கே ஓடுச்சுண்ணே. ஆனா உப்புத்தண்ணி."

"அப்ப நம்ம கணக்குத் தப்பா?"

"கணக்கு சரிதான். கல்லு எவ்வளவு வழிவிடும்னுதான எழுதினோம், உள்ள என்ன இருக்குன்னு எழுதலையே."

"சரியா இருந்து என்னத்துக்கு!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார் அவர்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அடுத்த கிணற்றுப் பெட்டிகள் திங்கட்கிழமை வருவதாகச் சிவசங்கரன் சொல்லி அனுப்பினார். பதிலுக்கு நான்கு நாள் விடுப்புக் கடிதம் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு, மத்தியான பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பினாள்.