சுற்றுவழி

சௌமியா தும்மினாள். அடுத்தடுத்து மூன்று தும்மல். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே நின்று பச்சை அங்கிக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்தபோதுதான் அப்படித் தும்மினாள். செவிலி அங்கியை அவளிடமிருந்து உருவி வேறொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சளி புடிச்சவங்க உள்ள வரக்கூடாதுங்க. நீங்க உள்ள போங்கம்மா."

நான் அங்கியைப் பார்த்தேன். என் மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, நீயா?" என்றாள். மூக்கு ஒழுகியபடியே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என் கணவர் முருகானந்தமும் நானும் நேருக்கு நேர் பேசி நான்கைந்து வருடங்கள் ஆகியிருந்தன. அவருக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை. நாள் முழுக்கச் சம்மட்டிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர். நான் ஒரு விடுதிப் பள்ளியின் நூலகத்தில் இருப்பவள். ஒரு கல்யாணப் பந்தியில் அவர், "எம்பொண்டாட்டிகிட்டப் பேசறதுக்கு நம்ம கோட்டைப் பாறைகிட்டப் பேசலாம்ப்பா. அதுவாச்சும் எதிரொலி குடுக்கும்" என்றார். இலைக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பேசாமல் இருப்பது எனக்குச் சிரமமே இல்லை. அன்றிலிருந்து பாறையாகவே இருந்துவிட்டேன். அவரும் வீம்புக்காரர். வீட்டில் சமையல் நடந்தது, மாரியம்மன் பண்டிகை நடந்தது, ஒருவர் துணியை ஒருவர் மடித்து வைத்தோம். பேச்சு மட்டும் சௌமியா வழியாகப் போய் வந்தது. "உங்கொப்பனச் சாப்பிட வரச் சொல்லு கண்ணு." "உங்கம்மா கெளம்பியாச்சான்னு கேளு." கல்லூரி விடுதிக்குப் போன பிறகும் அவள் கைபேசியில் என்னிடம் கேட்டு, கைபேசியில் அவரிடம் சொன்னாள். அவருடைய ஈரல் கெட்டுப்போன செய்தி எனக்கு வந்ததும் அவள் மூலமாகத்தான். என் ஈரலில் பாதியைத் தருகிறேன் என்று நான் சொன்னதும் அவளிடம்தான். வேண்டாமென்று சொல்லச் சொன்னாராம். "காதுல விழுகலைன்னு சொல்லு" என்றேன்.

வெட்டி வைத்துத் தைத்தாகிவிட்டது. எல்லாம் முடிந்தது என்றிருந்தபோது, அன்று காலை டாக்டர் அறிவுச்செல்வி என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"நீங்க குடுத்தது அருமையான ஈரலுங்க. ஆனா அதுக்குப் போக வேண்டிய ரத்தம் சரியாப் போகல."

குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் ஈரலுக்குள் போயாக வேண்டுமாம். பழைய ஈரல் இறுகிக் கிடந்த காலத்தில் அது உள்ளே நுழைய முடியாமல், மண்ணீரல் பக்கமாக ஒரு சிறிய குழாயைப் பெருவிரல் தடிமனுக்குப் பெருக்கி, ஈரலைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டதாம்.

"மெயின் ரோடு அடச்சுக் கெடந்தப்ப உண்டான பைபாஸ். இப்ப ரோடு புதுசாப் போட்டாச்சு. வண்டியெல்லாம் இன்னும் பைபாஸ்லயே போயிட்டிருக்குது. மறுபடியும் தொறந்து அந்தக் குழாயக் கட்டிவிடணும். இல்லீன்னா புது ஈரல் வாடிரும்." எழுந்துகொண்டே, "அதத் திட்டாதீங்க. இத்தன நாள் அதுவும் தன்னால முடிஞ்சதச் செஞ்சுது" என்றார்.

ஆனால் என் கணவர் சம்மதிக்கவில்லை. இன்னொரு தடவை வயிற்றைத் திறக்க வேண்டாம், போதும் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். சௌமியா போய்ச் சொன்னால் கேட்பார் என்றிருந்தோம். அவள்தான் தும்மிவிட்டாள்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து உள்ளே போனேன். அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். வேறு யாரும் வரவில்லை என்பது புரிந்ததும் கண்ணை ஓட்டிச் செவிலியைப் பிடித்தார்.

"சிஸ்டர், அவங்கள உக்காரச் சொல்லுங்க. வயித்துல தையல் இருக்குதல்லோ."

செவிலி என் பக்கம் திரும்பினார். "உக்காருங்கம்மா."

"நிக்கறேன்னு சொல்லுங்க."

செவிலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்குது? எனக்கு அந்தப் பக்கம் வேல கெடக்குது" என்று திரையை இழுத்துவிட்டுப் போய்விட்டார்.

மௌனங்களை எனக்குத் தெரியும். பிள்ளைகள் வகுப்புக்குப் போனபின் நூலகத்தில் இறங்கும் மௌனம், படித்து முடித்த புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்திருக்கும் மௌனம். அவற்றில் நான் வாழ்ந்திருக்கிறேன். இது அப்படியில்லை. கைநீட்டும் தூரத்தில், ஒரு போர்வைக்கு அடியில், என் உடம்பின் ஒரு பகுதி வாடிக்கொண்டிருந்தது. படித்த புத்தகங்களிலிருந்து நல்ல வாக்கியம் ஒன்றைத் தேடினேன். ஒன்றும் வரவில்லை.

"ஏனுங்க" என்றேன்.

அவர் கண் விரிந்தது.

"ஊட்டுக்கு வந்த விருந்தாளிய இப்பிடித்தான் பட்டினி போடுவீங்களா?"

"யாரு?" என்றார்.

"என்ற ஈரலச் சொல்றேன். எங்கிட்ட இருந்த வரைக்கும் ஒரு நாளு பசின்னு சொன்னதில்லீங்க. உங்ககிட்ட வந்ததுல இருந்து காஞ்சு கெடக்குதாம். ஊருக்குள்ள தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க?"

போர்வை குலுங்கியது. வலிக்கிறதோ என்று பதறி அருகே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்க வெக்காத புள்ள. தையல் பிரிஞ்சிரும்."

"பிரியட்டுமே. டாக்டரம்மாவுக்கு ஒரு வேல மிச்சம்."

எனக்கும் வந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் ஏதோ கருவி கத்த, செவிலி ஓடிவந்து திரையை விலக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

ஓய்ந்தபின் அவர், "பயமா இருக்குது பிரபா" என்றார்.

"எனக்குந்தான்" என்று உட்கார்ந்தேன்.

"சரீன்னு சொன்னா பேசுவியா?"

"மொதல்ல ஈரலுக்கு ரத்தம் போகட்டும். அப்பறம் பாக்கலாம்."

மத்தியானம் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் வெளியே வந்த டாக்டர், குழாயைக் கட்டியாகிவிட்டது என்றார்.

மறுநாள் காலை என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, அவர் வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்து, சத்தத்தைக் கூட்டினார் டாக்டர். தென்னந்தோப்புக்குள் நிற்காமல் வீசும் காற்று மாதிரி ஓர் இரைச்சல் அறை முழுக்க நிறைந்தது.

"கேக்குதுங்களா? எல்லாம் ஈரலுக்குத்தான் போகுது."

"லாரியில ஏர் டேங்க் நெறையிறாப்பலயே இருக்குதுங்க" என்றார் அவர்.

சத்தத்தை நேசிப்பேன் என்று நான் நினைத்ததில்லை. இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன்.

டாக்டர் போனதும் அவர் ஆரம்பித்தார். போன வருஷத்து ரசத்தில் புளி அதிகம் என்றார்.

"அத இப்பச் சொல்றீங்களா?"

"அப்பவே புள்ளகிட்டச் சொல்லிவுட்டனே."

"நல்லா இருக்குதுன்னு சொன்னதாத்தான் எங்கிட்டச் சொன்னா."

அவர் யோசித்தார். "அப்ப, அந்த நீலச் சட்டை எனக்கு எடுப்பா இருக்குதுன்னு நீ சொன்னது?"

"நானெங்க சொன்னேன்? சாயம் போன சட்டையத் தூக்கி எறியச் சொல்லுன்னல்லோ சொன்னேன்."

இருவரும் ஒரே நேரத்தில் கண்ணாடிக் கதவின் பக்கம் திரும்பினோம். வெளியே வரிசை நாற்காலிகளில் சௌமியா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி, முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருக்க, வாய் லேசாகத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள். மடியில் கைபேசி ஒளிர்ந்து அதிர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நாற்காலிக்குச் சரிந்தது. அவள் அசையவில்லை.