கடை ஃபோன்

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் பார்த்துக்கொண்டேதான் நின்றாள். கண் பாலின் மேல் இருந்தது. காது மட்டும் சுவரில் மாட்டியிருந்த ஃபோனிடம் போயிருந்தது.

"தங்கச்சி, பால்! பால் பொங்குது பாரு!" என்று கத்தினார் அவசரம்.

அவள் திடுக்கிட்டு அடுப்பை அணைத்தாள். துணியை எடுத்துத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

அவசரம் என்பது அவருடைய பெயரில்லை. "அவசரமா போகணும், சீக்கிரம் ஒரு காபி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து மத்தியானம் வரை நாற்காலியைத் தேய்க்கிற ஆள். ரிட்டயர்டான பஸ் டிரைவர். அந்தப் பெயரை வைத்தது அவள் புருஷன். இந்தக் கடைக்கு வருகிற பாதிப் பேருக்கு அவர்தான் பெயர் வைத்திருந்தார். பெயர் வாங்காதவர்கள், தங்களை இன்னும் வாடிக்கையாகவே சேர்த்துக்கொள்ளவில்லை என்று வருத்தப்படுவதும் உண்டு.

பெயர் வைத்த அந்த மனிதர் இன்றைக்கு அடுப்புக்கு முன்னால் இல்லை. பெரிய ஊர் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தார்.

எல்லாம் ஒரு கொப்புளத்தில் ஆரம்பித்தது. இடது காலில் வெந்நீர் கொட்டி வந்த கொப்புளம். சர்க்கரை உடம்பு. "சும்மா கொப்புளம்தான், விடு" என்று செருப்புக்குள்ளேயே மறைத்து வைத்துக்கொண்டு திரிந்தார். அவள் ஒரு நாள் பிடிவாதமாகக் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தபோது விரல்கள் கறுத்துப் போயிருந்தன.

ரத்தக்குழாய் அடைப்பை எடுத்துப் பார்க்கிறோம், ரத்தம் ஓடினால் கால் தப்பிக்கும், ஓடாவிட்டால் முட்டிக்குக் கீழே எடுத்தாக வேண்டும், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது புருஷன் இவளிடம் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, கடையை மூடக் கூடாது.

"மூடினேன்னு வையி, நான் செத்துட்டேன்னே முடிவு பண்ணி எல்லாரும் அழுதுக்கிட்டு வந்துடுவானுங்க. அப்புறம் உயிரோட வந்து நின்னா எனக்குத்தான் அசிங்கம்."

"நானும் ஆஸ்பத்திரிக்கு வரேங்க."

"நீ வந்தா அழுவ. டாக்டர் பயந்துடுவாரு. கத்தி புடிக்கிற கை நடுங்கும். தம்பி வரான்ல, போதும்."

இரண்டாவதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"கால எடுக்கணும்னு கேட்டா வேணாம்னு சொல்லிடு. ஒத்தக் கால வச்சிக்கிட்டு நான் அடுப்புகிட்ட நிக்க முடியாது. மூலையில ஒக்காந்து அடுத்தவன் காபி போடறதப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது. சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டாள். அந்த நேரத்தில் வேறு என்ன செய்ய?

தம்பியிடமும் சொல்லி வைத்திருந்தார். "அண்ணிய கேக்காம ஒரு நகத்தக்கூட வெட்ட விடாத." அவனும் தலையாட்டியிருந்தான்.

ஆக, ஃபோன் அடித்தால் வரப்போவது இரண்டில் ஒன்று. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்ற சேதி. இல்லையென்றால் அந்தக் கேள்வி. காலையிலிருந்து அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரே கோப்பையைக் கழுவி, துடைத்து, மறந்துபோய் மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

அதைவிட அவளைப் பயமுறுத்தியது வேறொன்று. இன்றைக்கு யாருமே காபியைத் திட்டவில்லை.

அந்தக் கடையில் காபியைத் திட்டித்தான் குடிப்பார்கள். அதுதான் அங்கே பேச்சின் தொடக்கமே. "என்னய்யா, நேத்து பாத்திரம் கழுவின தண்ணியா?" என்பார் அவசரம். "ஆமா, உனக்குன்னுதான் எடுத்து வச்சேன், சூடு பண்ணிக் குடுத்திருக்கேன்" என்பார் இவள் புருஷன். எதுவும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனால், "என்ன, வீட்ல சண்டையா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள்.

இன்றைக்கு அவசரம் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு தங்கச்சி" என்றார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்த டீச்சரும், "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றாள்.

இவர்களுக்கு ஏதாவது தெரியுமோ? என்னிடம் மறைக்கிறார்களோ? தனக்கு ஊற்றி வைத்திருந்ததை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அதில் காபியே இல்லை. வெறும் பாலும் சர்க்கரையும். பார்த்தாலே தெரிகிற வெள்ளை. அதைத்தான் இரண்டு பேரும் நல்ல காபி என்று குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபோன் அடித்தது. அவள் பாய்ந்து எடுத்தாள்.

"ஏதாச்சும் சேதி வந்துச்சாம்மா?" மாவு மில்காரர்.

"இன்னும் இல்லண்ணே."

வைத்தாள். மறுபடியும் அடித்தது. துணிக்கடைக்காரர் மனைவி. "சேதி வந்துச்சாக்கா? மனசே கேக்கல." வைத்தாள். அடித்தது. தையல்காரர். அவர் எப்போதுமே சுருக்கமாகப் பேசத் தெரியாதவர். தன் மாமனாருக்குக் காலில் வந்த கட்டி, அதை எந்த டாக்டர் எப்படிப் பார்த்தார், மாமனார் இப்போது எப்படி மாடிப்படி ஏறுகிறார் என்று முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வைத்தார். வைத்த கை வைத்தபடி இருக்க, மறுபடியும் அடித்தது.

ஒவ்வொரு மணிக்கும் அவளுக்கு உயிர் போய்ப் போய் வந்தது. "இல்லக்கா." "இன்னும் இல்லப்பா." "சொல்றேன், வந்தா கண்டிப்பா சொல்றேன்."

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் திடீரென்று கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இரும்மா. ஊரே இந்த ஃபோனுக்கு அடிச்சிக்கிட்டு இருந்தா ஆஸ்பத்திரிலேர்ந்து எப்படி லைன் கிடைக்கும்?"

அவசரம் சுவரைப் பார்த்தார். ஃபோன் அதற்காகவே காத்திருந்ததுபோல மறுபடியும் அடித்தது. அவள் எடுத்தாள். பூக்காரர்.

"வைங்க!" என்று கத்தினாள் அவள். "எல்லாரும் வைங்க! புண்ணியமாப் போகும்! யாரும் கூப்பிடாதீங்க!"

அவள் இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. அவசரம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நான் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று தெருவில் இறங்கி ஓடினார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவருக்கு நிஜமாகவே அவசரம் வந்திருந்தது. வீடு வீடாக, கடை கடையாக, கதவைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டே போனார்.

கொஞ்ச நேரம் கழித்து ஃபோன் அடித்தது. அவள் எடுத்தாள்.

"தங்கச்சி, நான்தான். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இனிமே ஒருத்தனும் கூப்பிட மாட்டான். நீ கவலப்படாத."

"அண்ணே," என்றாள் அவள். "அண்ணே, வைங்கண்ணே."

டீச்சரும் எழுந்தாள். "நாங்க இருந்தா உனக்கு இன்னும் படபடப்பு. தெருமுனை பஸ் ஸ்டாப்ல ஒக்காந்திருக்கோம். சேதி வந்தா வாசல்ல வந்து கை காட்டு, ஓடி வந்துடறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கடையில் யாரும் இல்லை. அந்த நேரத்தில் கடை காலியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. நாற்காலிகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றன. ஃபோன் சும்மா இருந்தது. இத்தனை நேரம் அடித்ததே தேவலை என்று தோன்றியது.

உட்கார்ந்தாள். எழுந்தாள். வாசலுக்குப் போய்த் திரும்பினாள். அடுப்புக்கு முன்னால் போய் அவர் நிற்கிற இடத்தில் நின்றாள். தரையில் அந்த இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அவர் இடது காலை ஊன்றித்தான் திரும்புவார். அடுப்பிலிருந்து கல்லாப்பக்கம், கல்லாவிலிருந்து அடுப்பு. கையில் எத்தனை கோப்பை இருந்தாலும் ஒரு சொட்டு சிந்தாது. அவளும் இடது காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள்.

"வேணாம்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். வேண்டாம் என்றால், அப்புறம் அவர்?

"எடுத்துடுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். மணிக்கட்டில் அவர் பிடித்த இடம் சுட்டது.

ஃபோன் அடித்தது.

இது அதுதான். ஊரில் யாரும் இனிமேல் கூப்பிட மாட்டார்கள். அவள் போய்க் கையை அதன்மேல் வைத்தாள். கைக்குக் கீழே அது அதிர்ந்தது. எடுக்கவில்லை. அடித்து, அடித்து, நின்றது.

திரும்ப அடிக்கும். அடுத்த நிமிஷமே அடிக்கும். அவள் வெடுக்கென்று ரிசீவரை எடுத்தாள். விரல் தானாக ஒரு நம்பரைச் சுழற்றியது.

"சலூன்" என்றது எதிர்க்குரல். அடுத்த தெருவில் முடிவெட்டுகிறவர். இவளைவிடச் சின்னவர். அவள் புருஷன் அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்.

"நான்தான் பேசறேன்."

"அக்கா! சேதி வந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம்?"

"சும்மாதான்." அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "என்ன பண்றீங்க?"

"நானா? முடி வெட்டறேன்."

"யாருக்கு?"

"மருந்துக்கடைக்காரருக்கு."

"அவருக்கு ஏது முடி?"

"அதான்க்கா நேரமாகுது. தேடித் தேடி வெட்ட வேண்டியிருக்கு." அந்தப் பக்கம் மருந்துக்கடைக்காரர் எதையோ சொல்லித் திட்டுவது கேட்டது. ரேடியோ சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா, இப்பத்தான் அவசரம் வந்து சொல்லிட்டுப் போனாரு, லைன ஃப்ரீயா விடணும்னு. நீங்க எதுக்கு..."

அவளுடைய மூச்சு மட்டும் அவருக்குக் கேட்டிருக்கும். கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"எதாச்சும் பேசுங்க" என்றாள் அவள்.

ரேடியோ பேச ஆரம்பித்தார். கூரை ஒழுகுவது, ஒழுகுகிற இடம் சரியாகக் கஸ்டமர் தலைக்கு மேலே இருப்பது, அதனால் தலையை நனைக்கிற வேலை மிச்சமாவது, கண்ணாடியில் விழுந்த விரிசலால் எல்லாருக்கும் மூக்கு கோணலாகத் தெரிவது, மச்சான் ஒரு புது நாற்காலி வாங்கித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே வயசாகிப் போனது. ஒரு மணி நேரத்துக்கு மேலேயே நிறுத்தாமல் பேசினார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"போதும்" என்றாள் கடைசியில்.

"சரிக்கா."

வைத்ததும் அடித்தது. இந்த முறை எடுத்தாள்.

"அண்ணி!" கொழுந்தனின் குரல் உடைந்திருந்தது. "எவ்ளோ நேரமா அடிக்கிறேன்! காலைலேர்ந்து எங்கேஜ்டு. நடுவுல ஒரு தடவ அடிச்சுது, யாரும் எடுக்கல. அப்புறம் மறுபடியும் எங்கேஜ்டு. டாக்டர் வந்து நின்னுட்டாரு அண்ணி. ரத்தம் ஓடல, உடனே சொல்லு, இல்லன்னா உசுருக்கே ஆபத்துன்னுட்டாரு. உங்கள கேக்க முடியல. நான்..." அவன் விம்மினான். "நான் எடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். "உசுருக்கு?"

"இனி பயமில்லன்னு சொல்லிட்டாங்க. மயக்கம் தெளியல இன்னும். தெளிஞ்சு கேட்டா நான் என்ன சொல்றது? அண்ணன் என் மொகத்துல முழிக்குமா?"

"நீ எதுவும் சொல்லாத. நான் வரேன், நான் சொல்லிக்கறேன்." பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அவன் அதற்குத்தான் ஓவென்று அழுதான்.

வாசலுக்குப் போய்க் கையைக் காட்டினாள். எல்லாரும் ஓடி வந்தார்கள். டீச்சர், அவசரம், வழியில் சேர்ந்துகொண்ட மாவு மில்காரர். கடைசியாக ரேடியோ வந்தார். பின்னாலேயே மருந்துக்கடைக்காரர், கழுத்தில் கட்டிய துணியோடு, பாதி வெட்டிய தலையோடு.

அவள் சொன்னாள். உயிர் இருக்கிறது என்றாள். கால் இல்லை என்றாள். தம்பி அவளைக் கேட்கத் தவித்ததையும், லைன் கிடைக்காமல் தானே முடிவெடுத்ததையும் சொன்னாள்.

அவசரம் பொத்தென்று உட்கார்ந்தார். "எங்களாலதான். நாங்க ஃபோன் பண்ணியே... ஐயோ, உன்ன ஒரு வார்த்த கேக்க விடாமப் பண்ணிட்டோமே தங்கச்சி."

மாவு மில்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் வாயைத் திறந்தாள்.

"உங்களையே ஏன் சொல்லிக்கறீங்க?" என்றார் ரேடியோ. அவளைப் பார்க்கவில்லை. "கடைசியா லைன்ல இருந்தது நான்தான். மனசு கேக்கல, நான்தான் கூப்பிட்டேன். திட்டறதுன்னா என்னத் திட்டுங்க."

"அறிவிருக்கா உனக்கு?" அவசரம் துள்ளி எழுந்தார். "கதவத் தட்டிச் சொல்லிட்டுத்தானே வந்தேன்? வாயத் தொறந்தா மூடத் தெரியாதா? ஒரு மனுஷன் காலு போயிருக்குடா!"

ரேடியோ வாங்கிக்கொண்டு நின்றார். மருந்துக்கடைக்காரர் அவரையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், கழுத்துத் துணியின் நுனியைத் திருகினார். அவர்கள் இரண்டு பேரும் இதைக் கடைசிவரை இப்படியே வைத்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. தான் சும்மா இருந்தால் போதும். புருஷன் மயக்கம் தெளிந்து கேட்கும்போதும் அதையே சொல்லிவிடலாம். லைன் கிடைக்கவில்லை. ரேடியோ பேசிக்கொண்டே இருந்தார்.

"அவரத் திட்டாதீங்க" என்றாள் அவள். "கூப்பிட்டது நான். நடுவுல ஒருதடவ அடிச்சப்பவும் நான் இங்கதான் நின்னேன். எடுக்கல."

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. டீச்சர் அவள் பக்கமாக ஒரு அடி வைத்து, அங்கேயே நின்றாள்.

அவசரம் மேஜையில் ஆறிக்கிடந்த தன் கோப்பையை எடுத்தார். உள்ளே பார்த்தார். ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"இதுல காபியே இல்ல தங்கச்சி" என்றார். "காலைலேர்ந்து சொல்லணும்னு இருந்தேன்."

"வெறும் பாலு" என்றாள் டீச்சர் மெதுவாக. "சர்க்கர வேற அள்ளிக் கொட்டியிருக்க."

"அவரு போடறது பாத்திரம் கழுவின தண்ணின்னா, இது பாத்திரமே கழுவாத தண்ணி" என்றார் ரேடியோ, கோப்பைக்குள் எட்டிப் பார்த்து.

அவள் எல்லாக் கோப்பைகளையும் வாங்கித் தொட்டியில் கொட்டினாள். புதுப் பாலை அடுப்பில் வைத்தாள். அவர் நிற்கிற இடத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

ஃபோன் அடித்தது.

எல்லாரும் அதையே பார்த்தார்கள். மயக்கம் தெளிந்திருக்கும்.

"யாராவது பாலப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது மணி அடிப்பதற்குள் அவள் போய் எடுத்தாள்.