ஒல்லூர் மாதவனுக்கு மதம்

திருச்சூரில் பூரத் திருவிழாக் காலம் வந்துவிட்டால் யானை பிடிப்பதைவிட மாப்பிள்ளை பிடிப்பது சுலபம். அதனால்தான் யானைகளை வாடகைக்குப் பதிவு செய்ய நிமிஷா பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு செயலி எழுதியிருந்தாள். அதில் ‘யானை’ என்பது வெறும் தாய் வகுப்பு. அதிலிருந்து நேராக எந்த யானையும் பிறக்காது. அதன் பிள்ளை வகுப்புகளிலிருந்துதான் பிறக்கும். தீனி என்ற இடத்தைத் தாயில் காலியாக விட்டு, ‘பிள்ளையே எழுதிக்கொள்ளணும், எழுதாவிட்டால் பிறக்கவே விடாதே’ என்று கட்டளையும் போட்டிருந்தாள். அதனால் பிள்ளை வகுப்புகளில் ஒன்றான இயந்திர யானைக்குத் தீனி மின்சாரம் என்று மறக்காமல் எழுதினாள்.

மதத்தை மட்டும் காலியாக விடவில்லை. எந்த யானைக்குத்தான் மதம் வராது என்று, மதம் வரும் மாதத்தையும் அப்போது பதிவு ரத்தாவதையும் தாயிலேயே எழுதித் தொலைத்திருந்தாள். தாயிடம் இருந்தது சத்தமில்லாமல் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்தது.

திருவிழாவுக்கு முந்தின நாள் ஔசேப்பு வந்து நின்றார். ரப்பர் தோலும் மோட்டாருமாக ஒல்லூர் மாதவனைச் செய்தவர். மறுநாள் திருவிழா நடக்கும் கோயில்தான் மாதவனுக்கு வாய்த்த முதல் கோயில்.

“மோளே, மாதவனுக்கு மதம் பிடிச்சிருக்காம். உன் செயலியே பதிவை ரத்து பண்ணி கமிட்டிக்கும் சொல்லிடுச்சு. எங்கேருந்து வந்துச்சு மதம், மோட்டார்லேருந்தா?”

நிமிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. “எண்ணெய் ஒழுகுறதை மதநீர்னு நினைச்சிருக்கும் சேட்டா.”

“விளையாடாதே. கிடைச்ச ஒரே கோயில் இந்த அம்பலம், இதுவும் போச்சுன்னா அவனைப் பிரிச்சு இரும்புக்கடையில போட வேண்டியதுதான்.”

அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு அடங்கியது. இயந்திர யானையில் மதம் இல்லை என்று ஒரே ஒரு வரி சேர்த்தாள். மாதவனுக்கு மதம் தெளிந்தது.

உடனே கமிட்டித் தலைவர் ராகவ மேனோனைப் போனில் கூப்பிட்டாள். வேறு யானை கிடைக்காமல் மூக்கால் அழுதுகொண்டு மாதவனுக்கு ஒப்புக்கொண்டவர் அவர். ‘அந்தச் சாமான்’ என்றுதான் சொல்வார்.

“மதம் போயிடுச்சு சார். மாதவன் நாளைக்கு வந்துடுவான்.”

“போயிடுச்சா? யாரைக் கேட்டுப் போச்சு? நம்ம ஆனைக்கு மதம்னு ஊர் பூரா சொல்லியாச்சு. பக்கத்து அம்பலத்துக்காரன் நிஜ ஆனைன்னு நம்பி வயிறெரிஞ்சு கிடக்கான். சாமியெல்லாம் சுமக்க வேண்டாம். மைதானத்துல தள்ளிக் கட்டுங்க, சுத்தி நாலு பாகன் பயந்தாப்ல நிக்கட்டும். மதம் இல்லேன்னா எங்களுக்கு ஆனையே வேண்டாம்.”

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஔசேப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“திருத்தினதைக் கெடுத்துக் குடு மோளே,” என்றார். “நான் போய்ச் சங்கிலி வாங்கிட்டு வந்துடறேன்.”