பதின்மூன்றாவது பெயர்

எங்கள் மருந்துக்கடைக்கு வாரம் பன்னிரண்டு எடைகுறைப்பு ஊசிகள். பதின்மூன்று கேட்டால் கிடையாது. போலி ஊசிகள் நடமாட ஆரம்பித்ததும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் போட்ட விதி இது. பட்டியலில் உள்ள பன்னிரண்டு பேரும் செவ்வாய்க்கிழமை காலை நேரில் வந்து, பழைய ஊசியின் காலிக் குழலைக் கொடுத்துவிட்டு, என் கண்முன்னால் எடை பார்க்க வேண்டும். இன்னார்தான் வந்தார் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் விலகினால்தான் அடுத்தவருக்கு இடம்.

காத்திருந்த பதின்மூன்றாவது பெயர் என் அக்காவுடையது.

அக்கா நூற்றுப் பன்னிரண்டு கிலோ. முழங்கால் மூட்டு தேய்ந்துபோய், கழிப்பறைக்கே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவாள். இருபது கிலோ குறையாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று சர்ஜன் கறாராகச் சொல்லிவிட்டார். குளிர்பெட்டியில் அந்த ஊசிகளை அடுக்கி வைக்கிறவளே நான்தான். கூடப்பிறந்தவளுக்கு ஒன்றை எடுத்துக் கொடுக்க வழியில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான், ஒன்பது மாதமாக.

பட்டியலில் நான்காவது பெயர் தையல்காரம்மா. தனிக்கட்டை. எடை மேடையில் ஏறி நின்றதும் வாராவாரம் ஒரே கேள்விதான்: "உங்க அக்காவுக்கு ஊசி கிடைச்சுதா, மருந்தம்மா?" என்னை மருந்தம்மா என்று கூப்பிடுகிறவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

"நீங்க யாராவது இடத்த காலி பண்ணாத்தானே கிடைக்கும்" என்றேன் ஒருநாள், எரிச்சலில். அவர் சிரித்தார். அந்தச் சனிக்கிழமையே மாரடைப்பில் போய்ச்சேர்ந்தார். என் வாயில் சூடு போட்டாலும் தகும்.

இறப்பை அறிவித்தால் அந்த இடம் அக்காவுக்கு வரும்தான். ஆனால் புதுப் பெயரைச் சரிபார்க்க எட்டு மாதம் ஆகும், அதுவரை அந்த ஊசி கடைக்கு வராது. அதற்குள் அக்கா படுத்த படுக்கையாகிவிடுவாள். நான் அறிவிக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தேன்.

"அடியே, மாட்டிக்க மாட்டியே?" என்றாள் அக்கா. பிறந்ததிலிருந்து அவளுக்கு நான் அடியேதான்.

"நீ பேசாம ஏறு."

தையல்காரம்மாவின் கடைசி எடை தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு. அக்காவின் எடையில் இருபதைக் குறைத்து எழுதுவதென்று முடிவு செய்திருந்தேன். மேடை காட்டியது: 91.2. நான் ஏறிப் பார்த்தேன், என் வழக்கமான ஐம்பத்தெட்டு. அக்காவை மறுபடி ஏற்றினேன். அதே 91.2. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று முதலில் சந்தோஷம்தான். கையெழுத்துப் போடும்போதுதான் முதுகு சில்லிட்டது.

வாராவாரம் அக்கா வந்தாள். முதலில் சுவரைப் பிடிக்காமல் வந்தாள், பிறகு விந்தாமல் வந்தாள். ஆறாவது வாரம் என் கோட்டுக் கையைத் தொட்டுப் பார்த்து, "மடிப்பு பிரிஞ்சிருக்கு. கழட்டிக் குடுங்க, ரெண்டு நிமிஷத்துல தச்சுத் தர்றேன்" என்றாள்.

ஒரு பொத்தான் தைக்கத் தெரியாதவள் அவள். அதைவிட அந்தக் 'குடுங்க' என்னை உலுக்கிவிட்டது.

"முட்டி எப்படியிருக்கு?" என்றேன்.

"என் முட்டிக்கு என்ன?"

எனக்குப் பயம் தாங்கவில்லை. ஊசியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், என் அக்கா நொண்டிக்கொண்டே இருந்தாலும் திரும்பி வந்தால் போதும் என்று அன்றே அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். உரிமம் போய்விடும் என்ற பயமும் கூடவே இருந்ததால், முழுக்க எழுதக் கை வரவில்லை. எங்கள் கடையில் பதிந்தவர்களில் ஒருவர் இறந்துவிட்டார் என்று மட்டும் எழுதினேன், பெயர் போடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பதில் வந்தது. 'பட்டியலில் உள்ள பன்னிரண்டு பேரும் வாரந்தோறும் நேரில் வந்து எடை பார்த்ததற்குத் தங்கள் கையெழுத்தே சாட்சி. ஆகவே, இறந்தவர் காத்திருப்போர் பட்டியலில் உள்ள பதின்மூன்றாவது நபர் எனத் தீர்மானிக்கப்பட்டு, அவர் பெயர் நீக்கப்படுகிறது.' சர்ஜனின் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அப்படி ஒரு நோயாளியே தங்களிடம் இல்லை என்றார்கள்.

மறுநாள் சரியாகப் பத்து மணிக்கு அவள் வந்தாள். கழுத்தில் அளவு நாடா. காலிக் குழலை மேசைமேல் வைத்துவிட்டு, நான் சொல்லாமலே எடை மேடையில் ஏறினாள்.

"அக்கா" என்று கூப்பிட்டேன்.

யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. பிறகு என்னைப் பார்த்து, ரொம்பக் கரிசனமாகக் கேட்டாள்:

"உங்க அக்காவுக்கு ஊசி கிடைச்சுதா, மருந்தம்மா?"