அமிர்தவல்லி வீடு பார்க்கப் போனாள்

அமிர்தவல்லி அன்று விடிந்ததுமே குளித்து, அரக்குப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, வாக்கரைத் தள்ளியபடி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"முதியோர் இல்லம் பார்க்கப் போறோம்மா. பட்டுப் புடவை எதுக்கு?" என்றாள் மகள் வேணி.

"வூடு பார்க்கத்தானே போறோம்? வூடு பார்க்க நான் என்னைக்கு சாதா வாயில் புடவையில போயிருக்கேன்? அந்த ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் பையில எடுத்து வையி. வெறுங்கையோட போய் நிக்கக்கூடாது."

அரியலூரில் அவர்கள் சொந்தத்தில் யார் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாலும், மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க அமிர்தவல்லியைத்தான் அழைத்துப் போவார்கள். அவள் கூடத்தில் உட்காரவே மாட்டாள். "தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்றபடி நேரே சமையல்கட்டுக்குள் நுழைவாள். அங்கிருந்து கொல்லைக்கு. கொடியில் காயும் துணி, குளியலறைத் தரை, யார் கூப்பிட்டால் யார் ஓடி வருகிறார்கள் என்று எல்லாவற்றையும் பார்த்துவிடுவாள். தீர்ப்பு, திரும்பும் வழியில் வண்டிக்குள் வரும்.

அந்தத் தீர்ப்பு எப்படி இருக்கும் என்பது சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அத்துப்படி. "சமையல்கட்டுல வெளிச்சம் பத்தல. மாமியாக்காரி வாயி நீளம். தண்ணித் தொட்டியைக் கழுவி ஒரு மாசம் இருக்கும்" என்று குறைகளாக அடுக்கினால், இடம் பிடித்துவிட்டது, கல்யாணத்துக்குத் துணி எடுக்கலாம். பிடிக்காத வீடு என்றால் ஒரு குறையும் வராது. வைத்த பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "எல்லாம் ரொம்ப நல்லா இருக்குங்க. போயி சொல்லி அனுப்புறோம்" என்று கும்பிட்டுவிட்டு வருவாள். அதன் பிறகு யாரும் எதுவும் சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

வேணிக்குப் பார்த்த வீடுகள் வரிசையாக "ரொம்ப நல்லா" இருந்துவிட்டதில் வேணிக்கு முப்பத்து மூன்று வயதாகிவிட்டது. அப்பா போய்ப் பல வருடம் ஆயிற்று. டவுனில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்ட் வேலை, அம்மா, வீடு என்று நாட்கள் ஓடின. போன வருடம் தை மாதம் அமிர்தவல்லி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள்; வாக்கர் வந்தது.

அந்த வாக்கரோடுதான் இந்தச் சித்திரையில் கீழப்பழுவூருக்குப் போய்ப் பூவரசன் வீட்டைப் பார்த்தாள். ரெட்டிபாளையம் பக்கத்தில் சிமெண்ட் ஆலையில் இன்ஜினீயர் அவன். திரும்பும்போது காருக்குள், "கொல்லைக் கக்கூசுக்கு மூணு படி எறங்கணும், பிடிச்சுக்க ஒரு கம்பி இல்ல. மோட்டார் போட்டா காது கிழியுது. மாப்பிள்ளை சாப்பிடுறப்பவும் போனை நோண்டுறாரு" என்று அமிர்தவல்லி ஆரம்பித்தபோது, வேணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆவணியில் கல்யாணம். ஆனால் ஆவணி முடிவதற்குள் பூவரசன் ராஜஸ்தானில் ஒரு புதிய ஆலையில் போய்ச் சேர வேண்டும். இரண்டு வருடம். வேணியும் கூடப் போக வேண்டும்.

"நீங்களும் வாங்க அத்தை" என்று அவன் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டான்.

"அங்க வந்து நான் யாருகூட மாப்பிள்ளை சண்டை போடுறது? எனக்கு இந்தி தெரியாதே" என்றாள் அமிர்தவல்லி. சம்பந்தி வீட்டில் போய்த் தங்குவதோ நடக்காத காரியம். தனியாக விடவும் முடியாது. முதியோர் இல்லம் என்ற பேச்சை எடுத்ததே அமிர்தவல்லிதான். நல்ல இடம் கிடைத்தால்தான் தாலி என்று வேணியும் சொல்லிவிட்டாள். அதனால்தான் இன்றைய பயணம்.

பூவரசன் காரோடு வந்து இறங்கினான். கையில் மல்லிகைப் பூப்பொட்டலம்.

"அவளுக்குப் பூவு. எனக்கு வழியில ஒரு டீயாவது உண்டா?"

"ரெண்டு டீயே உண்டு அத்தை. ஏறுங்க."

வேணி பூவை வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா போகிற மாதிரி இருந்தது அவளுக்கு. பின் இருக்கையில் அம்மா போகிற வழியெல்லாம் கேள்விகளை ஒத்திகை பார்த்தாள். "படுக்கை விரிப்பை என்னைக்கு மாத்துவீங்க? ராத்திரி கூப்பிட்டா யாரு வருவாங்க? கால் நகம் வெட்டி விடுவாங்களா?"

முதல் இடம் பெரம்பலூர் தாண்டி, பைபாஸை ஒட்டி. கண்ணாடிக் கதவு, பளிங்குத் தரை, சுவரில் பெரிய டிவி. மேனேஜர் அருள்முருகன் டை கட்டியிருந்தார். பேசுவதற்கு முன்பே பழரசம் கொடுத்தார். அறைகளைக் காட்டினார். நடைப்பயிற்சித் தளத்தைக் காட்டினார். பிறந்தநாள் கொண்டாட்டப் படங்களைக் காட்டினார். டிவி முன்னால் வரிசையாகச் சக்கர நாற்காலிகளில் பெரியவர்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"தண்ணி" என்றார் கடைசி நாற்காலியில் இருந்த ஒரு பெண்மணி.

அருள்முருகன் யோகா வகுப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சீருடை போட்ட பெண் இவர்களுக்கு இன்னொரு தட்டில் பிஸ்கட் கொண்டுவந்தாள்.

"தண்ணி" என்றார் அந்தப் பெண்மணி மறுபடியும்.

வேணி தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். "பரவாயில்ல மேடம், நாங்க பார்த்துக்கிறோம்" என்று அருள்முருகன் சிரித்தபடி வந்தார். வேணி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமையல்கட்டைக் கேட்கவில்லை. கொல்லைக்குப் போகவில்லை. படுக்கை விரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொண்டுவந்த பழத்தைக் கொடுத்துவிட்டு, அமிர்தவல்லி கைகூப்பினாள். "எல்லாம் ரொம்ப நல்லா இருக்குங்க."

வேணி பாட்டிலை மூடிப் பையில் போட்டாள்.

கார் பைபாஸை விட்டு அரியலூர் சாலையில் திரும்பியதும் பூவரசன் உற்சாகமாகத் தொடங்கினான். "அத்தைக்கே பிடிச்சுடுச்சு, அப்புறம் என்ன! நாளைக்கே பேசி முடிச்சுடலாமா?"

"முடிச்சுடுங்க மாப்பிள்ளை. ஒரு குறையும் சொல்றதுக்கு இல்ல."

"வண்டியை ஓரமா நிறுத்துங்க" என்றாள் வேணி.

இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு. வேணி பின்னால் திரும்பி உட்கார்ந்தாள்.

"யாருகிட்டம்மா கதை விடுற? செந்துறை மாப்பிள்ளை வூட்டைப் பார்த்துட்டு வந்து என்ன சொன்ன? ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்ன. ஜெயங்கொண்டத்துக்கும் அதேதான் சொன்ன. ரெண்டு வூட்டுக்கும் சம்பந்தம் போனோமா?"

"அது வேற, இது வேறடி."

"அந்த அம்மா தண்ணி கேட்டுச்சு. உன் காதுல விழுந்துச்சா இல்லியா?"

அமிர்தவல்லி வாக்கரின் ரப்பர் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "விழுந்துச்சு" என்றாள் கடைசியில். "ரெண்டு வருஷம்தானே வேணி. எனக்குப் பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன? நான் குறை சொல்லிச் சொல்லித்தான் உனக்கு இத்தனை வயசாச்சுன்னு ஊரே பேசுது. இதுலயும் நான் குறுக்க நிக்கணுமா?"

"அப்படி உன்னைத் தள்ளிட்டுப் போயி எனக்கு ஒரு கல்யாணம் வேணாம்."

பூவரசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இருங்க, இருங்க. நல்லா இருக்குன்னு சொன்னா நல்லா இல்லைன்னு அர்த்தமா?"

"ஆமா."

"அப்ப எங்க வூட்டைப் பத்தி அவ்வளவு குறை சொன்னீங்கன்னு உங்க கார் டிரைவர் வந்து சொன்னாரே, அது?"

"பிடிச்சுப்போயி சொன்னது" என்றாள் வேணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அடக் கடவுளே! நான் தூங்கவே இல்லியே அன்னைக்கு! மறுநாளே அண்ணனோட சண்டை போட்டு அந்த மோட்டாரை மாத்தினேன்!"

அமிர்தவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேணிக்கு வரவில்லை. வண்டி கிளம்பியது. மதியச் சாப்பாடு கீழப்பழுவூரில், பூவரசன் வீட்டில். அரியலூர் தாண்டியது. பூவரசனின் கை கியரிலிருந்து நகர்ந்து வேணியின் விரல்களை ஒரு முறை தொட்டது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை; பிடிக்கவும் இல்லை.

கீழப்பழுவூருக்குக் கொஞ்சம் முன்னால் அமிர்தவல்லி நெளிந்தாள். "மாப்பிள்ளை, எங்கயாவது நிறுத்துங்க. அவசரம்."

"இதோ, வூடு வந்துடும் அத்தை."

"உங்க வூட்டு மூணு படியை நான் எறங்கவா? அதுவரைக்கும் தாங்கவும் தாங்காது."

பூவரசன் சாலையோரத்துப் பச்சைக் கேட்டுக்குள் வண்டியைத் திருப்பினான். பழைய ரைஸ் மில் ஒன்றைத் தடுத்துக் கட்டிய கட்டடம். "இதுவும் முதியோர் இல்லம்தான். எங்க ஆலையில ஒருத்தரோட அம்மா இங்கதான் இருக்காங்க. பார்க்கச் சுமாரா இருந்துச்சேன்னு நான் உங்ககிட்ட சொல்லல" என்றான்.

வாக்கர் தரையைத் தொடுவதற்குள் நீலப் புடவைக்காரி ஒருத்தி ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "வாங்கம்மா, மெதுவா, அந்த ஓரம் ஈரம்" என்று பக்கத்திலேயே நடந்தபடி கூட்டிக்கொண்டு போனாள். அவள் பெயர் பொன்னாயி.

இல்லத்தை நடத்துகிற வெற்றிச்செல்வி, அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வெங்காயம் உரித்த வாசனையோடு வந்தார். வேணிக்குக் கேட்கிற எண்ணமே இல்லை. ஆனாலும் மருந்துக்கடைப் பழக்கம் விடவில்லை. மருந்து அலமாரியைக் காட்டச் சொன்னாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி டப்பா, அதன்மேல் அவரவர் போட்டோ. காலாவதியான மாத்திரை அட்டை ஒன்றுகூட அவள் கண்ணில் படவில்லை.

"ராத்திரி எத்தனை பேரு இருப்பாங்க?"

"ரெண்டு பேருதாம்மா. மூணு பேரு வேணும், ஆள் தேடிக்கிட்டிருக்கேன். கிடைக்கிற வரைக்கும் நானும் இங்கயே படுத்துக்கறேன்."

அப்போது கொல்லைப்புறத்திலிருந்து அமிர்தவல்லியின் குரல் கேட்டது. உச்சக் குரல்.

வேணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. விழுந்துவிட்டாளா? செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். பூவரசன் பின்னாலேயே ஓடினான்.

குளியலறை வாசலில், கொடியில் காயும் விரிப்புகளுக்கு நடுவே, அமிர்தவல்லி வாக்கரில் நிமிர்ந்து நின்றிருந்தாள். எதிரே இடுப்பில் கைவைத்தபடி பொன்னாயி.

"கம்பியை எடது பக்கம் வச்சா எடது கால் உடைஞ்சவளுக்குச் சரி. வலது உடைஞ்சவ எதைப் பிடிச்சு எந்திரிப்பா?"

"அதுக்குத்தாம்மா நான் வெளியவே நிக்கறேன். கூப்பிட்டா வர மாட்டேனா?"

"நீ சோறு திங்கப் போயிட்டா?"

"பாதிச் சோத்துல எந்திரிச்சு வருவேன். வந்திருக்கேன், கேட்டுப் பாருங்க!"

"கொடியை இவ்வளவு தாழக் கட்டினா விரிப்பு மண்ணுல பொரளாதா?"

"தாழக் கட்டினாத்தான் இவங்களும் ஒரு கை கொடுப்பாங்க. உள்ளயே உட்கார வச்சா உடம்பு என்னத்துக்கு ஆவும்?"

உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் மெல்ல வந்தது. "பொன்னாயி… தண்ணி."

"வந்துட்டேன் தாத்தா!" பொன்னாயி அமிர்தவல்லியைப் பார்த்துக் கையைக் காட்டினாள். "இருங்கம்மா. அவருக்குத் தண்ணி கொடுத்துட்டு வந்து உங்களோட சண்டை போடுறேன்."

அவள் ஓடினாள். அமிர்தவல்லி அங்கேயே நின்றாள். பிறகு தன் முந்தானையைச் சரிசெய்தபடி, "வேணி, சமையல்கட்டு எந்தப் பக்கம்னு கேளு. எனக்குத் தாகமா இருக்கு" என்றாள்.

பூவரசன் கீழப்பழுவூருக்குப் போன் போட்டு, சாப்பாட்டுக்கு நேரமாகும் என்றான். அமிர்தவல்லி வெற்றிச்செல்வியோடு சமையல்கட்டைப் பார்த்து, குழம்பில் கரண்டியை விட்டுப் பார்த்து, கடைசியில் பந்தியிலும் உட்கார்ந்துவிட்டாள். முதல் கவளத்திலேயே, "உப்பே இல்ல" என்றாள்.

"அப்படிச் சொல்லுங்க!" எதிர் வரிசையில் நடராசன் என்ற பெரியவர் மேசையைத் தட்டினார். "நான் வந்த நாள்லேருந்து கத்துறேன். இந்த வெற்றிச்செல்வி கேட்டாத்தானே?"

"உங்களுக்கு பிரஷர் எவ்வளவுன்னு சொல்லட்டுமா எல்லார் முன்னாடியும்?" என்றார் வெற்றிச்செல்வி. "உப்பு வேணும்னா தனியா கேளுங்க, தர்றேன். குழம்புல போட மாட்டேன்."

"தனியா தொட்டுக்கறதுக்கு இது மாங்காயா?" என்றாள் அமிர்தவல்லி. பந்தி முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் மோர் வந்தது. அதிலும் உப்பு போதாது.

வேணி தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை தானாகத் தேடிப்போய்ப் பூவரசனின் கையைப் பிடித்தது. இறுக்கமாக.

"குறை சொல்றாங்க" என்றான் அவன் கிசுகிசுப்பாக.

"சொல்றாங்க."

"இதுவரைக்கும் எத்தனை?"

"எண்ணாதீங்க. சொல்லட்டும்."

வண்டியில் ஏறியதும் தீர்ப்பு தொடங்கியது. கம்பி, கொடி, உப்பு, ராத்திரிக்கு இன்னொரு ஆள், ஜன்னலில் கொசுவலை கிழிசல், அந்த நடராசனின் சத்தம், பொன்னாயியின் எதிர்த்துப் பேசும் வாய். "இத்தனையையும் யாரு சரி பண்றது? நாலு நாள் கூட இருந்து சொன்னாத்தான் நடக்கும்."

"அப்ப சேர்ந்துடறீங்களா அத்தை?" பூவரசனின் குரல் எகிறியது.

"அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. ஒரு வாரம் இருந்து பார்க்கறேன். இவ தினம் சாயங்காலம் போன் பண்ணட்டும்." அமிர்தவல்லி மகளின் தோளைத் தொட்டாள். "ஏய், நல்லா கேட்டுக்க. என்னைக்காவது நான் போன்ல 'எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு'ன்னு சொன்னேன்னு வையி, ராஜஸ்தானா இருந்தாலும் சரி, அன்னைக்கே கிளம்பி வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடு. இப்பவே சொல்லிட்டேன்."

வேணி தோளில் இருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை விடிந்ததுமே அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். வீடு வெறிச்சென்று இருந்தது. மாலையில் பூவரசன் வந்து உட்கார்ந்தான். வேணி போனை ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அம்மா? எப்படிம்மா இருக்கு?"

"ஏன் கேக்குற!" என்று வெடித்தது அமிர்தவல்லியின் குரல். "தலையணை கல்லு மாதிரி இருக்கு. காலையில இட்லிக்குச் சட்னி அரைக்கச் சொன்னா சாம்பாரைக் கொண்டாந்து வைக்கறா. கம்பி மாத்த ஆளு வந்தான், ஒரு சாண் ஏத்தி அடிச்சுட்டான். மறுபடி கூப்பிடச் சொல்லியிருக்கேன். இந்தப் பொன்னாயி இருக்காளே… வையி போனை, அவகூட இன்னும் பேசி முடிக்கல."

போன் வைக்கப்பட்டது.

வேணி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பூவரசன் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, தன் போனை எடுத்துக் கல்யாண மண்டபத்துக்காரரின் நம்பரைத் தேட ஆரம்பித்தான்.